வாய்க்கால் மேட்டுச் சாமிக்கு முதல் மந்திரம்

அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். கருவை மண்டிக் கிடந்த மூன்று மா நிலத்தைத் திருத்தி நஞ்சையாக்கினேன். தண்ணீருக்குப் போர் போட்டேன். நெல் அரைக்கும் மில் வைத்தேன். மாடி வீடு கட்டினேன். எவனும் கை கொடுக்கவில்லை. இத்தனையிலும் பெரிதாக நான் நினைப்பது வாய்க்கால் மேட்டுக் கல் சாமிக்குப் போட்ட கொட்டகையைத்தான்.

வாய்க்காலைத் தூர்வாரும்போது என் மண்வெட்டியில்தான் அந்தச் சாமி தட்டுப்பட்டது. சம்மணம் போட்டு, மடியில் கை வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. முனி என்றார்கள் ஊரில். ஆள் வைத்துத் தூக்கி, அரசமரத்தடியில் வைத்து, நெற்றியில் விபூதி பூசினேன். எனக்குத் தெரிந்த ஒரே மந்திரம் நமசிவாய. அதைச் சொன்னேன்.

அதுவும் வயலில் பழகியது. கையில் கடிகாரம் இல்லாத காலம். மடையைத் திறந்துவிட்டு நிதானமாக நூற்றெட்டு நமசிவாய சொன்னால் நாற்றங்கால் நிறைந்துவிடும். அர்த்தம் யாரைக் கேட்டேன்? தண்ணீர் ஏறியது, போதும்.

பத்து வருஷம் கழித்து, சென்னையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா மகன் ஊருக்கு வந்தான். சாமியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“அண்ணே, இவரு புத்தரு. இவருக்குப் போயி பட்டை அடிச்சு வச்சிருக்கீங்களே!”

“இத்தனை வருஷமா வாங்கிக்கிட்டாருடா. ஒருநாளும் அழிச்சுக்கலையே.”

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கொட்டகையில் அவன் உட்கார்ந்து ‘புத்தம் சரணம் கச்சாமி’ சொல்கிறான். புத்தரிடம் அடைக்கலம் போகிறேன் என்று அர்த்தமாம். வரம் கேட்கிற மந்திரம் இல்லையாம், மனசை ஒழுங்கில் வைக்கிறதாம். என் நமசிவாயத்துக்கும் அவனே விளக்கம் சொல்கிறான்: “நான், எனதுன்னு இருக்கறதை விடச் சொல்றதுதாண்ணே அது.”

என் வீட்டுக்காரியும் அங்கே போய் உட்காருகிறாள். “அவரு சொன்னா உடம்பு சிலிர்க்குதுங்க.”

“நான் சொன்னப்ப?”

“நீங்க மடைக்கிட்ட நின்னு ஆள் கூப்பிடுற மாதிரியில்ல சொல்லுவீங்க!”

வயிறு எரிந்தது. மறுநாள் மடையைத் திறந்துவிட்டு அவன் மந்திரத்தையே சொல்லிப் பார்த்தேன். நீளம் ஜாஸ்தி. நூற்றெட்டு முடிவதற்குள் தண்ணீர் வரப்பைத் தாண்டிப் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. அந்த வயல்காரனிடம் பேச்சு வாங்கினதுதான் மிச்சம்.

போன மாதம் ஊர்க்காரர்கள் கொட்டகை வாசலில் கருங்கல் பலகை நட்டார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘புத்தரைக் கண்டறிந்து வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர்’ என்று அவன் பெயர்.

“புத்தர்னு கண்டுபிடிச்சது நான்தானேண்ணே” என்றான்.

சரி, அது உண்மை. மண்ணுக்குள் இருந்து எடுத்தது யார்? எனது என்பதை விடச் சொல்கிறவன் கல்லில் பெயர் வெட்டலாமா?

அவன் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. பலகையின் மேலே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, விரலால் அளந்துவிட்டேன். சாமியை எடுத்து, நிழல் கொடுத்து, முதல் மந்திரம் சொன்னவன் நான். மந்திரம் வேறாக இருக்கட்டும், சொன்னது என் வாய். ஊர்க்காரர்களே, அந்த வரியில் என் பெயரை வெட்டுங்கள்.