மெக்கானிக் ஜவாஹிரும் நாலு புது போல்ட்டும்

மாத்தளையில் பிரிட்ஜ் திருத்தும் ஜவாஹிருக்கு வானத்தோடு எந்தப் பகையும் கிடையாது. ஐம்பது வயதுவரை அவர் அப்படித்தான் நம்பியிருந்தார். இரண்டாயிரத்து ஏழில் அவர் வேலை பார்த்த குளிர்பானக் கம்பனி அவரைக் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. பழைய பிரிட்ஜ் பெட்டிகளின் கேஸ் வெளியே போனால் மேலே ஏறி வானத்தின் ஓசோன் காப்பை அரிக்கும், பூமியையும் சூடாக்கும் என்று அங்கே கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் படம் போட்டுக் காட்டினார். ஜவாஹிரோ வாலிபக் காலம் முதல், பெட்டியின் குழாயை வெட்டிவிட்டு அது 'உஸ்' என்று அடங்கும்வரை ஓரமாக நின்று வெற்றிலை போட்டவர். மாத்தளை மாவட்டம் வானத்துக்குச் செய்த கெடுதலில் பெரும்பங்கு தன் கைவேலைதான் என்பது அன்றைக்கு விளங்கியது. மதியச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவி ஹவ்வாவிடம் சொன்னார்.

"வானத்துல ஓட்டயா? நீங்களா போட்டீங்க?"

"நான் மட்டுமில்ல. ஒலகத்துல ஈக்கிற எல்லா மெக்கானிக்கும் சேந்துதான்."

"அத அவங்க பாத்துக்கொள்ளட்டும். நம்மட குசினிக் கூரை ஒழுகுது, அதப் பாருங்க," என்றாள் ஹவ்வா.

கம்பனி தன் பெட்டிகளை எல்லாம் மாற்றத் தீர்மானித்திருந்தது. கடைகளில் இருக்கும் பழையதை எடுத்து, கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் பிடித்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அதன் இடத்தில் புதியது வரும். புதியதில் இருப்பது அடுப்பு கேஸுக்குச் சொந்தக்காரன். வானத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் நெருப்பைக் கண்டால் சும்மா இருக்காது. அதனால் பெட்டியின் முதுகில் தீச்சுவாலை போட்ட மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக்கூடாது என்பது சட்டம்.

மாத்தளையில் பிரிட்ஜ் உள்ள கடைகளில் பாதிக்கு மேல், அதன் தலையில்தான் சாமி குடியிருக்கும் என்பது கொழும்புக்காரருக்குத் தெரியாது. தமிழன் கடையில் பிள்ளையாரும் காமாட்சி விளக்கும், சிங்களவர் கடையில் புத்தரும் எண்ணெய் விளக்கும். ஜவாஹிர் கடை கடையாக ஏறி, சாமிகளைச் சுவருக்கு இடம் மாற்றினார். சிலர் முணுமுணுத்தார்கள். புதிய பெட்டி கரண்ட் குறைவாகத் தின்னும் என்றதும் சாமிகள் மறுபேச்சில்லாமல் இறங்கின.

சந்திரகாந்தாவின் கடையில்தான் சிக்கல் வந்தது. முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் சோடா, மோர், வடை விற்கும் சின்னக் கடை. புருஷன் சிவலிங்கம் நெஞ்சு வலியில் போய் ஒன்பது வருடம். பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு அந்தக் கடைதான் சோறு.

"அம்மன எறக்க மாட்டேன் நானா. புதுசு வேணாம்," என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை மாத்தளையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வேணாம்னா பழசையும் தூக்கிட்டுப் போவாங்க அக்கா. இது கம்பனிட பொட்டிதானே. கூலா இல்லாத சோடாவ யாரு குடிக்கிற?"

"யாரும் குடிக்க வேணாம்."

வியாழக்கிழமை லொறி வரும் என்று சொல்லிவிட்டு ஜவாஹிர் தெருவில் இறங்கினார். அம்மன் ஏன் இறங்காது என்று அவருக்குத் தெரியும். அதைவிடக் கூடுதலாகவும் ஒன்று தெரியும்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தெருவே எரிந்தபோது இந்தக் கடையும் எரிந்தது. கூரை விழுந்து, சாமான் சாம்பலாகி, மூலையில் இந்தப் பெட்டி மட்டும் கரிப்பிடித்து நின்றது. சந்திரகாந்தாவின் அண்ணன் முத்துவீரன் இந்தியாவுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். வாங்க, போயிடுவோம் என்று தினமும் வந்து நச்சரித்தான். சிவலிங்கத்துக்குப் போக மனமில்லை. மச்சானின் முகத்துக்கு நேரே அதைச் சொல்லவும் வாயில்லை. கடைசியில் சந்திரகாந்தா அண்ணன் முன்னாலேயே பாரத்தை அம்மன் மேல் போட்டாள். கூரை போட்டுக் கரண்ட் வந்ததும் பெட்டியை இயக்கிப் பார்ப்பது. ஓடினால் இங்கேயே இருப்பது, அதன் தலையில் அம்மனுக்குத் தினமும் விளக்கு வைப்பது. ஓடாவிட்டால் கப்பல் ஏறுவது.

அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் சிவலிங்கம் பின்வழியாக ஜவாஹிரைக் கூட்டி வந்தார். ஜவாஹிர் அப்போது புதிதாகத் தொழிலுக்கு வந்த பொடியன். உள்ளே மோட்டார் வெந்து போயிருந்தது. மூடிவிட்ட ஒரு ஹோட்டலின் பிரிட்ஜிலிருந்து வேறு மோட்டாரைக் கழற்றி வந்து, வியர்க்க விறுவிறுக்கப் பூட்டி, வயரை எல்லாம் மாற்றி, கேஸ் அடித்துவிட்டு ஓடிவிட்டார். பின்னேரம் பெட்டி ஓடியது. சந்திரகாந்தா தரையில் விழுந்து கும்பிட்டாள். முத்துவீரன் தனியாகக் கப்பல் ஏறினான். சிவலிங்கம் மறுநாள் ஜவாஹிரின் கையைப் பிடித்து, "இது நம்ம ரெண்டு பேரோட போகணும் தம்பி," என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் போய்விட்டார். மிச்சம் ஜவாஹிர்தான்.

சத்தியத்தைக் காப்பாற்றினால் அவள் கடையை இழப்பாள். உடைத்தால் செத்த மனுஷன் பொய்யன் ஆவான், அம்மன் பொய்யாகும். இரண்டு நாள் இதைப் போட்டுக் குழப்பினார். இந்த வயதில் அந்தம்மாவைத் தெருவில் நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. புதன்கிழமை பின்னேரத்து அஸர் தொழுகையை முடித்துவிட்டு நேரே கடைக்குப் போனார். நல்ல வேளையாகக் கடையில் ஆளில்லை.

"அக்கா, ஒரு விசயம் செல்லணும். கோவிக்கக்கூடாது. அந்த நேரம் பொட்டி தானா ஓடல்ல. மொதலாளி கேட்டு நான்தான் வேற மோட்டார் பூட்டின."

சந்திரகாந்தா வடைச் சட்டியை இறக்கி வைத்தாள்.

"தெரியும்," என்றாள்.

"எப்ப?"

"அன்னைக்கே. பெட்டி பூரா கரி. அடியில மட்டும் நாலு புது போல்ட்டு பளபளன்னு மின்னுது. போதாததுக்கு, பழைய மோட்டாரு சத்தமில்லாம தொடங்கும், இது தும்மிட்டுத்தான் தொடங்குது. எனக்கென்ன காது இல்லையா?"

ஜவாஹிருக்குக் காது மடல் சுட்டது. ஒரு கைப்பிடி கரியை எடுத்துப் போல்ட்டில் தேய்க்கத் தோன்றாத தன் இளவயதுப் புத்தியை நொந்துகொண்டார்.

"அப்ப ஏன் விழுந்து கும்பிட்ட?"

"எனக்கும் போக இஷ்டமில்ல நானா. அண்ணன் வாய அடைக்க அம்மன்தான் வேண்டியிருந்திச்சி. அம்மனும் ஒன்னும் சொல்லல." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "அவருகிட்டயும் சொல்லல. என்ன ஏமாத்திட்டோம்னு அந்த மனுசனுக்குச் சாகிற வரைக்கும் அவ்வளவு சந்தோசம். பெட்டி தும்முறப்பெல்லாம் எம் மூஞ்சிய ஓரக்கண்ணால பாப்பாரு. அத ஏன் கெடுக்கணும்?"

"அப்ப அம்மன சொவத்துல வைக்க ஏலும்தானே?"

"அம்மன எங்க வேணும்னாலும் வைக்கலாம். அந்தத் தும்மல எங்க வைப்பீங்க?"

இப்படி ஒரு கேள்விக்குக் கொழும்புப் பயிற்சியில் படம் எதுவும் போட்டுக் காட்டவில்லை. ஜவாஹிர் வடை ஒன்றை வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை லொறி வந்தபோது, சந்திரகாந்தா அம்மன் படத்தை எதிர்ச்சுவரில் தானே ஆணியடித்து மாட்டியிருந்தாள். ஜவாஹிர் நாடா பிடித்துத் தூரத்தை அளந்தார். சரியாக இருந்தது. புதிய பெட்டி வெள்ளையாக, மஞ்சள் ஸ்டிக்கரோடு உள்ளே வந்து நின்றது. பழையதை நிறுத்தக் கை வைத்தார்.

"வெளக்கு வச்சப்புறம் நிப்பாட்டுங்க நானா."

பொழுது இன்னும் சாயவில்லை, லொறிக்காரன் ஹோன் அடித்தான். ஜவாஹிர் வெளியே போய் அவனுக்குச் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னார், அவன் அடங்கினான். பொழுது சாய்ந்ததும் அவள் பழைய பெட்டியின் தலையில் கடைசியாக விளக்கேற்றினாள். பெட்டி ஒரு தடவை தும்மி ஓடி, சற்று நேரத்தில் அடங்கியது. இன்னொரு தடவை தும்மியது. அதற்குப் பிறகு அவள் விளக்கைக் கையால் மறைத்து எடுத்துப் போய் எதிர்ச்சுவர்த் தட்டில் வைத்தாள்.

"இப்ப," என்றாள்.

ஜவாஹிர் பிளக்கைப் பிடுங்கினார். கடையில் தெருச் சத்தம் மட்டும் கேட்டது. பெட்டியை வாசலுக்குத் தள்ளி, குழாயைப் பூட்டி, கேஸைச் சிலிண்டருக்குள் இழுக்கத் தொடங்கினார். வெட்டிவிட்டால் ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் முடிகிற வேலை, இப்போது ஆமை வேகத்தில் நடந்தது. சந்திரகாந்தா பக்கத்தில் ஒரு போத்தல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதுக்குள்ள இருக்கிறது, அன்னைக்கு அவரு நின்னு அடிக்க வச்ச அதே காத்தா நானா?"

ஜவாஹிர் குனிந்து போல்ட்டுகளைப் பார்த்தார். அவை எப்போதோ துருப்பிடித்திருந்தன.

"அதே காத்துதான் அக்கா."

சந்திரகாந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"போன தீவாளிக்கு நீங்கதானே புது கேஸ் அடிச்சீங்க," என்றாள். "பரவாயில்ல. பத்தரமா புடிச்சி அனுப்புங்க."