எண்ணெய் வாங்காத வாரங்கள்

எங்கள் வீட்டில் காலேஜ் வரை போன முதல் ஆள் நான். சிறுசேரியில் வேலை கிடைத்ததும் எதையாவது ஒழுங்குபடுத்தியே தீர வேண்டும் என்று கை அரித்தது. அகப்பட்டது வீட்டுச் செலவு.

அத்தா லாரி ஓட்டுகிறார். வியாழக்கிழமை எந்த ஊரில் இருந்தாலும் அம்மாவின் போனுக்குப் பணம் போட்டுவிடுவார். அதனால் கோவளத்தில் எங்கள் வீட்டுக்கு மட்டும் வாரம் வெள்ளிக்கிழமை பிறக்கும். வேலை முடிந்து வந்து டீ குடித்ததும் லேப்டாப்பைத் திறப்பேன். அம்மா எதிரில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே செலவைச் சொல்வாள், நான் எக்செல்லில் ஏற்றுவேன். ஒவ்வொரு சாமானுக்கும் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே ஒரு தொகை போட்டிருந்தேன். அதைத் தாண்டினால் கட்டம் தானாகச் சிவக்கும், தாண்டாவிட்டால் பச்சை. மிச்சம் பிடிப்பது தங்கையை நர்சிங் சேர்க்க.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நிறம் தெரியும்.

"இன்னாடா, இன்னும் செவப்பாவே கீது?"

"எண்ணெய்மா. நீ ஊத்திக்கினே கீற."

"மீன வறுக்காம, வாங்கியாந்து மூஞ்சில பூசிக்கவா?"

இருவரும் சிரித்தோம். தொகையை மட்டும் நான் மாற்றவில்லை.

கொஞ்ச நாளில் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக ஆரம்பித்தன. எண்ணெய் என்றால், "வாங்கல, மீதி கீது" என்பாள். பருப்பு என்றால், "அதுவும் கீது." மீன் வறுபடாத நாளே இல்லாத வீட்டில் எண்ணெய் எப்படி மீதியாகும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பச்சையைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. ஆபீசில் டீம் லீடிடம்கூடக் காட்டினேன்.

"உங்க அம்மாவ எங்க வீட்டுக்கு ஒரு மாசம் அனுப்புப்பா" என்றார். மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு ஞாயிறு வருவதாகச் சொன்னவர், மனைவியோடு வந்தும்விட்டார்.

எங்கள் வீடு ஒரே அறை. நடுவில் தொங்கும் திரைக்குப் பின்னால் அடுப்பு, அதை ஒட்டிப் பின்வாசல். அம்மா சங்கரா மீன் வறுத்துப் பரிமாறினாள். டீம் லீட் முள்ளை எடுத்துக்கொண்டே, "இவ்வளவு கம்மி செலவுல எப்படிம்மா இப்படிச் சமைக்கறீங்க? இவன் உங்க கணக்கக் காட்டி எங்கள எல்லாம் அசத்திட்டான்" என்றார். அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

அப்போது பின்வாசலில் பக்கத்து வீட்டு அத்தையின் குரல் கேட்டது. அவர் வீட்டுக்காரர் போட்டில் மீனுக்குப் போகிறவர். எங்கள் வீட்டுக்கு ஆள் வந்திருப்பது அத்தைக்குத் தெரியாது.

"யக்கா, வாங்கின எண்ணெயில ஒரு டம்ளராச்சும் குடேன். கொழம்பு கொதிச்சிக்கினு கீது, தாளிக்க ஒரு சொட்டு இல்ல. பருப்பு மெதுவா குடு, அது எங்க ஓடிடப் போவுது."

"மெதுவா பேசுடி. ஆளுங்க வந்துகிறாங்க."

"அய்ய, அதான் நான் குடுத்த சங்கரா அந்த மணம் மணக்குதா?"

"எண்ணெய் பூரா ஊத்தி வறுத்துட்டேன்டி" என்று அம்மா சொன்னது கிசுகிசுப்புதான். அந்த அறையில் கிசுகிசுப்பு என்று ஒன்று கிடையாது.

டீம் லீட் கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் ஒரு கணம் நிறுத்தினார். பிறகு, ஈசிஆர் ரோட்டில் இன்று கூட்டமே இல்லை என்று பேச ஆரம்பித்தார். அவர் மனைவி தண்ணீர் குடித்தார். தட்டில் இருந்த மீனும் அது வெந்த எண்ணெயும் அடுத்த வீட்டுடையவை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாததுபோல் அவர்கள் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர்கள் போனதும் கேட்டேன்: "ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"இன்னா சொல்றது? டம்ளர்ல வாங்கறது உன் கம்ப்யூட்டர்ல வராதில்ல. பச்சையப் பாத்துட்டு நீ சிரிச்சிக்கினு இருந்த." தட்டுகளை அடுக்கியபடி என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "முன்ன அவ ஒரு நாள் வாங்குவா, நான் ஒரு நாள் வாங்குவேன். இப்போ நான் மட்டுந்தான் போய் நிக்கிறேன். அவ டம்ளரோட வந்தா, வூட்ல இல்லாதமாரி உள்ள குந்திக்கிறேன்."

கடைக்கு ஓடினேன். இரண்டு பாக்கெட் எண்ணெய் வாங்கி, ஒன்றை வீட்டில் வைத்துவிட்டு, மற்றதோடு அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"இன்னா தம்பி இது?"

"எண்ணெய், அத்தே. அம்மா வாங்கினதுக்கு."

"நான் இன்னா கடையா வெச்சிகினு கீறேன்?" அத்தையின் முகம் சுருங்கியது. "டம்ளர்ல குடுத்தா டம்ளர்லதான் வரணும். பாக்கெட்ட நீட்டி கணக்கு தீக்கிறியா? இதோட எங்களுக்குள்ள ஒன்னும் இல்லன்னு உங்கம்மா சொல்லி அனுப்பினாளா?"

பாக்கெட்டை என் கையிலேயே திருப்பி வைத்தார். தெருக்குழாயில் நின்ற பெண்கள் குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பாக்கெட்டை வாங்கிப் பிரித்து, அத்தை வீட்டு டம்ளரிலேயே விளிம்பு வரை ஊற்றிப் பின்வாசல் வழியாகப் போனாள். திரும்ப நேரமாயிற்று. அத்தை சத்தமாகக் கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது: "சரி, இந்த வாரம் உன் புள்ளைக்கு இன்னா கலரு?" அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அவர்கள் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று நிம்மதிப்பட வேண்டியவன், காதைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கு முன் எக்செல்லில் எல்லா நிறத்தையும் எடுத்துவிட்டேன். அம்மா வழக்கம்போல முறத்தோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"எண்ணெய்?"

"நீ வாங்கியாந்தது. ரெண்டு பாக்கெட்டு."

ஏற்றினேன். அம்மா எழுந்து என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று லேப்டாப்பைப் பார்த்தாள்.

"இன்னாடா, வெள்ளையா கீது?"

"கலர எடுத்துட்டேன்மா. இனிமே கலரே கிடையாது."

அவள் நம்பவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"ஒன்னு இன்னும் பிரிக்கல. வேணும்னா கடையில திருப்பிக் குடுத்துடவா?"