இடம் மாறிய தசைநாண்

தெருவில் அவரைப் பெயின்டர் என்று யாரும் கூப்பிடுவதில்லை, ‘ஏன் அண்ணன்’தான். இருபத்தைந்து வருடமாகச் சுவருக்கு வர்ணம் அடிக்கிற மனுஷன், எதைக் கண்டாலும் ஏன் என்று கேட்காமல் நகர மாட்டார். கூட வேலை செய்பவர்களுக்குப் பாவம், காது புளித்துப்போயிருந்தது.

நாற்பத்தெட்டு வயதில் அவருடைய வலது பாதம் உள்பக்கமாகச் சரியத் தொடங்கியது. பாதத்தின் வளைவு தட்டையாகி, கணுக்கால் வீங்கி, ஏணியில் நாலு படி ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. எலும்பு டாக்டர் அந்த ஒற்றைக் காலில் நிற்கவைத்து, குதிகாலைத் தூக்கச் சொன்னார். அது இம்மியும் நகரவில்லை.

“வளைவைத் தாங்குற தசைநாண் நைஞ்சுபோச்சு. ஆபரேஷன்ல குதிகால் எலும்பை வெட்டி, கொஞ்சம் உள்ள நகர்த்தி ஸ்குரூ போடுவோம். காலோட சின்ன விரல்களை மடக்குற தசைநாணை எடுத்து, நைஞ்சதோட இடத்துல கட்டிடுவோம்.”

“அப்ப விரலை யாரு சார் மடக்குவா?”

“பக்கத்துல இருக்கற நாண் ஓரளவு சமாளிச்சுக்கும்.”

“புது இடத்துல அதுக்கு வேலை தெரியுமா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “பழக்கணும். குதிகால் தானா எழும்புற வரைக்கும் ஏணிப் பக்கமே போகக் கூடாது.”

மனைவியின் கவலை வேறு: ஏணி ஏறாமல் வீடு எப்படி நடக்கும்? அவளுடைய அண்ணன் பெயின்ட் கடை வைத்திருந்தார். கல்லாவில் ஒரு நாற்காலி காலி. உட்கார்ந்தபடி டப்பா விற்பதில் இவருக்கு இஷ்டமில்லை. ஒரு கூரையை அடித்து முடித்து அண்ணாந்து பார்க்கிற சுகம் கல்லாவில் ஏது?

ஆபரேஷன் முடிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டு, பிறகு பயிற்சி. ஆறு மாதமாகியும் குதிகால் எழவில்லை. மச்சான் பொறுத்துப் பார்த்து, திங்கட்கிழமை கல்லாவில் உட்கார வரச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை சமையலறைச் சுவரில் கை ஊன்றி, வலது காலில் மட்டும் நின்று, முகம் சிவக்க முக்கினார். மனைவி தரையில் உட்கார்ந்து, குதிகாலுக்கு அடியில் சொருகிய காகிதத்தை இழுத்துப் பார்த்தாள்.

“வரலைங்க.”

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தார். பிறந்ததிலிருந்து அந்தத் தசைநாணுக்குத் தெரிந்த உத்தரவு ஒன்றே ஒன்று. இடத்தை மாற்றினார்கள் சரி, உத்தரவை எதற்கு மாற்ற வேண்டும்? குதிகாலை மறந்துவிட்டு, சின்ன விரல்களை மடக்குவதாக நினைத்துக்கொண்டே எம்பினார். பாதத்தின் உள்பக்கம் விண்ணென்று இறுகியது. காகிதம் மனைவியின் கையோடு வந்துவிட்டது.

“என்ன பண்ணீங்க?”

“விரலை மடக்கினேன்.”

“அது மடங்கவே இல்லையே!”

“அதான்டி விஷயம்!” என்று அவர் விளக்க ஆரம்பித்தார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“அந்த நாற்காலியை அண்ணன்கிட்ட கெஞ்சிக் கேட்டதே நான்தாங்க,” என்றாள். “வேண்டாம்னு நானே சொல்லிடறேன்.”