அழிந்துபோன லாக்

சொசைட்டிக் கணக்கின் ஆடிட் முடிந்த மறுநாள் காலை மாதம்மாள் எனக்கு போன் செய்தார். காரிமங்கலம் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் பால் டெஸ்ட் செய்பவர்.

"நான் கை வெக்கலீங்க மேடம். உங்க கம்ப்யூட்டர்லயே பாத்துச் சொல்லுங்க."

பாலுக்கு விலை அதன் கொழுப்பைப் பொறுத்தது. சிலர் ஊற்றிய பாலின் கொழுப்பு அளவு, பதிந்த பிறகு மாறியிருந்தது. அளவு கூடியவர்களில் ஒருவர் அவருடைய கொழுந்தனார். மாற்றியது மாதம்மாளின் லாகின் என்று ரெக்கார்டு சொன்னது.

சொசைட்டி அந்த அளவுகளைப் பதியும் செயலி, தர்மபுரியில் நான் வேலை செய்த சிறிய நிறுவனத்துடையது. செயலி செய்யும் ஒவ்வொன்றையும் தானாகவே குறித்துவைக்கும் பதிவுதான் லாக். அதை முன்பு எங்கள் சர்வரிலேயே வைத்திருந்தோம். டிஸ்க் நிறைந்துவிடும், தேடல் நின்றுபோகும், விடுமுறையிலும் நான் ஓடவேண்டும். ஆனாலும் ஒரு வருடத்துக்கு முந்தைய வரியைக்கூடத் தேடி எடுக்கலாம்.

முதலாளி குமரேசனுக்கு அது வீண் தொல்லையாகப் பட்டது.

"வெளிய ஒரு கம்பெனிகிட்ட விட்டுட்டா அவங்களே பாத்துக்குவாங்க. மேனேஜ்டு சர்வீஸ் எதுக்குங்க இருக்குது?"

"விடலாம் சார். ஆனா ஆடிட் முடியறவரைக்கும் லாக் இருக்கற மாதிரி பிளான் எடுங்க."

அவர் எடுத்தது இரண்டே வாரம் லாக்கை வைத்திருக்கும் பிளான். பழைய சர்வரையும் துடைத்து வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டார்.

மாதம்மாளுக்காக, லாக்கை வைத்திருந்த வெளி நிறுவனத்திடம் கேட்டேன். கெடு முடிந்த லாக் அழிந்துவிட்டது, மீட்க முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது.

பிறகு செயலியின் புரோகிராமைத் தோண்டினேன். நெட்வொர்க் போய்த் திரும்பும்போது, செயலியே ஒருவருடைய அளவை இன்னொருவர் கணக்கில் எழுதிவிடுகிறது. யார் லாகின் செய்திருக்கிறாரோ அவர் பெயர்தான் பதிவாகும். குமரேசனிடம் ஓட்டிக் காட்டினேன்.

"புரோகிராம்ல பக் இருக்குது, சரி. அன்னிக்கும் இதேதான் நடந்துச்சுன்னு காட்ட லாக் இருக்குதா?"

"இல்லைங்க சார்."

"அப்பறம் நம்ம தப்புன்னு எப்படி எழுதித் தர்றது? சரி பண்ணி அடுத்த அப்டேட்ல விட்டுருங்க."

நானே சொசைட்டித் தலைவரைப் போய்ப் பார்த்தேன். "உங்க கம்பெனி லெட்டர்ல கொண்டாங்க மேடம், பாக்கலாம்" என்றார். குமரேசன் அனுப்பிய கடிதத்தில், செயலியில் தவறு நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று இருந்தது. மாதம்மாளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதே வாரம் அப்டேட் போனது. 'சிறு மேம்பாடுகள்' என்று அதில் குறிப்பு.

நானும் வேலையை விட்டேன். அதனால் மாதம்மாளுக்கு ஒரு பயனும் இல்லை. பிறகு அவரைச் சந்தையில் ஒருமுறை பார்த்தேன். நான் பேச்சை எடுத்ததும், "வுடுங்க மேடம். எங்க வூட்லயே நம்பல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

லாக்கைச் சொந்தமாக வைப்பதா, மேனேஜ்டா என்று இளையவர்கள் இப்போது என்னைக் கேட்கிறார்கள். எது வேண்டுமானாலும் எடுங்கள். ஆனால் லாக் எத்தனை நாள் இருக்கவேண்டும் என்பதை, அது அழிந்தால் தப்பித்துக்கொள்கிறவர் கையில் விடாதீர்கள்.