இடப்பக்கக் கண்ணாடி

அப்பாவின் மோட்டார் சைக்கிளில் இடப்பக்கக் கண்ணாடி ஒருபோதும் தெருவைக் காட்டியதில்லை. அது உள்நோக்கித் திரும்பி, பின்னால் இருக்கிற என் முகத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். நான் அதில் பல்லிளிப்பேன், நாக்கை நீட்டுவேன், ரிப்பன் நேராக நிற்கிறதா என்று பார்ப்பேன். மகள்மேல் வைத்த பாசத்தில்தான் அப்பா அதை எனக்கென்று திருப்பி வைத்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் வகுப்பில் வேறு எவளுடைய அப்பாவும் அப்படிச் செய்யவில்லை என்ற தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது.

சனிக்கிழமைக் காலைகளில் புத்தூரிலிருந்து சுன்னாகத்துக்குப் போவோம். அப்பாவுக்குச் சந்தை, எனக்கு டியூசன். பின் கரியரில் வெங்காய மூட்டை, அதற்கும் அப்பாவின் முதுகுக்கும் நடுவில் நான். வழி முழுக்க எங்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. தெருவில் வந்து சேர்கிற இரண்டு பக்கத்துச் சின்ன ஒழுங்கைகளாலும் என்ன வருகிறது என்று நான் முந்திச் சொல்லவேண்டும். அவர் முந்திவிட்டால் நான் தோற்றேன். வலது பக்கம் மாடு, இடது ஒழுங்கையால் சைக்கிள், மதிலோரம் இரண்டு பெடியன்கள் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போவேன். அப்பா ஒருநாள்கூட என்னை முந்தியதில்லை. பாவம், எனக்கு விட்டுத்தருகிறார் என்றுதான் நினைத்தேன்.

பதினான்கு வயதில் அந்த விளையாட்டு எனக்கு வெட்கமாகிப்போனது. டியூசன் வாசலில் நின்ற பெடியன்கள் நான் “மாடு, மாடு” என்று கத்தியதைக் கேட்டுவிட்டு, அந்தக் கிழமை முழுக்க என்னைக் கண்ட இடமெல்லாம் மாடு போலக் கத்தினார்கள். அடுத்த சனிக்கிழமை ஏறுவதற்கு முன்பே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். “இனி உந்த விளையாட்டு வேண்டாம் அப்பா. நான் என்ன சின்னப்பிள்ளையே?”

அப்பா சிரித்தார். “ஓம், நீ வளந்திட்டாய்தானே” என்றார். பிறகு உடனே புறப்படவில்லை. துடைத்த சீற்றையே திரும்பவும் துடைத்தார். கட்டிய மூட்டையை அவிழ்த்துக் கட்டினார். புறப்பட்ட பிறகும் மாட்டு வண்டில் போகிற வேகத்தில்தான் போனார். வகுப்புக்குப் பிந்தப்போகிறதே என்று நான் பின்னால் இருந்து புறுபுறுத்துக்கொண்டு போனேன்.

பாதி வழியில், இடது ஒழுங்கையொன்றால் ஒரு பெரியவர் புல்லுக்கட்டோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். எனக்குத் தூரத்திலேயே தெரிந்தது. அப்பாவுக்கும் தெரியும்தானே என்று பேசாமல் இருந்தேன். அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த மனிதர் தெருவில் ஏறியும் குறைக்கவில்லை. கடைசியில் நான் “அப்பா” என்று அலறியபோதுதான் பிரேக்கை அமுக்கினார். நாங்கள் ஒரு பக்கம் சரிந்தோம், பெரியவர் மறுபக்கம் குதித்தார். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, புல்லுக்கட்டு வேலியோரம் கிடந்தது, எங்கள் மூட்டை கிழிந்து வெங்காயம் தெருவெல்லாம் உருண்டது. பெரியவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஒரு சொல் கேட்டால் நாலு சொல் திருப்பிக் கொடுக்கிற அப்பா, அன்றைக்குத் தலை குனிந்துகொண்டு நின்றார்.

பெரியவர் போனபின் நாங்கள் இரண்டு பேரும் குந்தியிருந்து வெங்காயம் பொறுக்கினோம். அப்போதுதான் கவனித்தேன். அப்பா தனக்கு நேரே கிடந்ததை மட்டும் பொறுக்கினார். முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்ததெல்லாம் அப்படியே கிடந்தது. நான் ஒரு வெங்காயத்தை எடுத்து அவருடைய இடது கைப்பக்கம் மெதுவாக வைத்தேன். அவர் எடுக்கவில்லை. அதையே கொஞ்சம் நகர்த்தி முன்னால் வைத்தேன். எடுத்து மூட்டைக்குள் போட்டார். எத்தனை சனிக்கிழமை, எத்தனை ஒழுங்கை என்று மனம் பின்னால் ஓடியது.

நான் பொறுக்குவதை நிறுத்திவிட்டதை அவர் கண்டுகொண்டார். “நேரை வாறது தெரியும் பிள்ளை. பக்கத்தாலை வாறதுதான்…” என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார். பிறகு சொன்னார். “அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. காணிக்காரருக்குக் காதிலை விழுந்தால் தோட்டம் போயிடும்.” நாங்கள் செய்தது குத்தகைக் காணி. நான் தலையாட்டினேன். ஆட்டியது அவர் கண்ணில் பட்டிருக்குமோ என்ற ஐயத்தில் “ஓம்” என்று வாயாலும் சொன்னேன்.

அதற்கு முந்தின வருடம்தான் எனக்குச் சாமத்தியவீடு செய்திருந்தார்கள். மண்டபம், மணவறை, வீடியோ, கனடாவிலிருந்து வந்த மாமா எல்லாம் இருந்தது. பிள்ளை பெரிசாகிவிட்டாள் என்று ஊரைக் கூட்டிச் சொன்ன அன்று, நான் கேக் எப்போது வெட்டுவார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் பெரிசானது அந்தத் தெருவில், கையில் வெங்காயச் சருகோடு. அதற்கு யாரையும் அழைக்க முடியாது.

அன்றைக்கே விளையாட்டு திரும்பத் தொடங்கியது, ஆனால் அது விளையாட்டாக இருக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் கண் சிமிட்டவும் பயம். பெடியன்கள் மாடு போலக் கத்தியது காதில் ஏறவே இல்லை. காய்ச்சல் வந்தால் நல்லது என்று சில நாள் நினைப்பேன். நான் வராவிட்டால் அவர் தனியாகப் போவாரே என்ற நினைப்பு அதைவிட மோசமாக இருக்கும். ஒரு வகுப்பையும் தவறவிடாமல் போனேன். மகளுக்குப் படிப்பில் அவ்வளவு அக்கறை என்று அம்மா சொந்தக்காரருக்கெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கார்த்திகை மாதம் ஒருநாள் மழை பிடித்து ஊற்றியது. எனக்கே எதிர்வீட்டுப் படலை தெரியவில்லை. அப்பா மூட்டைமேல் பொலித்தீனைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் மோட்டார் சைக்கிள் திறப்பைப் பிடுங்கி உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன். “டொக்டருக்குக் கண்ணைக் காட்டாமல் நான் இனி ஏறமாட்டன். நீங்களும் போகமாட்டியள்” என்றேன். அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கை அடிக்கவில்லை. அப்படியே படியில் குந்திவிட்டார்.

“எனக்குப் பயமாக் கிடக்கு பிள்ளை” என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. “எனக்கும்தான் அப்பா” என்றேன். பிறகு உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன்.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கண் டொக்டர், கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது, போன பார்வை திரும்பாது, மிச்சத்தைத் துளி மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார். அப்பா பயந்ததும் பொய்யில்லை. கதை காணிக்காரர் காதுக்குப் போய், பாதித் தோட்டத்தை அவர் திருப்பி எடுத்துவிட்டார். மீதியை அம்மா பார்த்தார், பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் பார்த்தேன். அப்பாவின் கண்ணுக்குக் காலையும் மாலையும் மருந்து விட்டது நான்தான். துளி விழுமுன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். ஏசித்தான் திறக்க வைப்பேன்.

இப்போது மாதம் ஒருமுறை என் ஸ்கூட்டியில் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். ஒருவருக்கும் பின்னால் ஏறி அறியாத மனிதர், ஒவ்வொரு திருப்பத்திலும் என் தோளை இறுக்கிப் பிடிக்கிறார். போன மாதம் போகும்போது அந்தக் கண்ணாடிக் கதை வந்தது. எனக்காகத்தானே திருப்பி வைத்தீர்கள் என்று கேட்டேன். அப்பா சிரித்தார்.

“விடியப்பறம் நீ தூங்கி விழுவாய் பிள்ளை. நீ முழிச்சிருக்கிறியோ எண்டு பாக்கத்தான். நீ கண்ணை மூடினால் நான் நிப்பாட்ட வேணுமே.”

ஏமாந்ததுபோல் ஒரு நிமிடம் கோபமாகக்கூட இருந்தது. எவ்வளவு இளித்திருப்பேன் அந்தக் கண்ணாடியில். நான் இளித்த நேரமெல்லாம் அவர் அங்கே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

கிளினிக்கில் காத்திருந்து களைத்துப்போய், திரும்பி வரும்போது அப்பா சிலவேளை பின்னாலேயே தூங்கி விழுவார். கை தளர்ந்தால் விழுந்துவிடுவாரே என்று எனக்குப் பயம். அதனால் நான் இடப்பக்கக் கண்ணாடியை அவர் முகம் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்திருக்கிறேன். இதை அவருக்குச் சொல்லவில்லை. ஒழுங்கைகள் வரும்போது வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போகிறது, இடது பக்கம் சைக்கிள் அப்பா, வலது பக்கம் மாடு அப்பா. “ஓம், கண்டிட்டன்” என்கிறார் அவர்.