நிலைப்படியைத் தாண்டிய பெல்ட்

பெங்களூர் மார்கழிக் குளிரை யாராவது ஆசையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காப்பி குடிக்கிறவர்களுக்கு அது சுகம்தான், யார் இல்லையென்றது? அந்தக் குளிரில்தான் என் முதல் பெண் எட்டாம் மாசத்திலேயே வந்து பிறந்தாள். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. தொம்மலூரில் எங்களுக்கு ஓட்டு வீடு: முன்னால் ஒரு நடை, உள்ளே ஒரு அறை, பின்னால் சமையல். தெருவில் கரண்டுக் கம்பம் நின்றது. எங்கள் வரிசைக்கு மட்டும் லைன் வரவில்லை.

ஏழாம் மாசம் பிழைக்கும், எட்டாம் மாசம் தங்காது என்று பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டரம்மா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. இந்தக் குழந்தைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாது, வெளியிலிருந்து சூடு கொடுத்துக்கொண்டே இருந்தால் பார்க்கலாம் என்றார். ஆனால் கரியடுப்பும் சாம்பிராணியும் அறைப்பக்கமே வரக்கூடாதாம், அந்த நுரையீரல் புகை தாங்காதாம். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, இப்போது காலி இல்லை என்றும் சொன்னார்.

பெட்டி இல்லை, கரண்டு இல்லை, நெருப்பு கூடாது. பிறகு எதைக் கொண்டு சூடு கொடுப்பது? எனக்கோ ரத்தம் நிறையப் போய், உடம்பெல்லாம் சில்லிட்டுக் கிடந்தது. என் குளிர் குழந்தைக்கு ஏறிவிடும் என்று அவளை என்னிடமிருந்து தள்ளி, முறத்தில் பழைய வேட்டி விரித்துப் படுக்கவைத்தாள் என் நாத்தனார். பால் கொடுக்க மட்டும்தான் குழந்தையை என் பக்கம் கொண்டுவருவாள். அதையும் உறிஞ்சத் தெம்பில்லாமல், பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தோம்.

முதலில் சோடா பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி வைத்துப் பார்த்தோம். துணி விலகி, ஒரு பாட்டில் காலில் பட்டு, விரல் நுனி கொப்பளித்துவிட்டது. அதோடு நாத்தனார் பாட்டில்களைத் தூக்கிக் கொல்லையில் எறிந்துவிட்டாள். இனிமேல் கொதிக்கிற எதுவும் உள்ளே வராது என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. எனக்குப் பெற்றவள் இல்லை, எல்லாம் செய்தது அவள்தான்.

என் வீட்டுக்காரர் பக்கத்து ஏரியா அடுகோடியில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். எண்ணெய்ப் பெட்டிக்குள் பல்சக்கரம் சுற்றிச் சுற்றிச் சாயங்காலம் தொட முடியாமல் கொதிக்கிறதே, அதுமாதிரி ஒன்று பண்ணுகிறேன் என்று ஆரம்பித்தார். நெருப்பும் வேண்டாம், புகையும் வராது, கை சுடுகிற அளவுக்கும் போகாது. கேட்கிறபோது எனக்கே நம்பிக்கை வந்தது. பாழாய்ப்போன நம்பிக்கை.

பெரிய பால்பவுடர் டின் ஒன்று. அதற்குள் விரல் நுழைகிற இடைவெளி கூட இல்லாமல் இன்னொரு டின். உள் டின்னுக்கு நடுவே சைக்கிள் அச்சைக் கோத்தார். இரண்டுக்கும் நடுவில் பட்டறையிலிருந்து கொண்டுவந்த கெட்டி எண்ணெயை ஊற்றினார். உள் டின் சுற்றினால் எண்ணெய் உராய்ந்து சூடாகும், வெளி டின் வழியாக அறைக்குச் சூடு வரும். அவ்வளவுதான் விஷயம். சுற்றுவதற்கு என் தையல் மெஷினின் மிதியைக் கழற்றிக்கொண்டார். "ஜாக்கெட் தைக்கிறது அப்புறம் ஆகட்டும்" என்றார். மகாராசனாய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

வேலை முடிந்ததும்தான் ஒரு சிக்கல். மிதிப்பது அவர், டின் இருக்க வேண்டியது குழந்தை பக்கத்தில். தீட்டு கழியும்வரை பிள்ளை பெற்ற அறைக்குள் ஆண்கள் நுழையக்கூடாது, பெற்ற அப்பனும் பிள்ளையைத் தொடக்கூடாது. என் நாத்தனார் மட்டும் வகுத்த சட்டம் இல்லை அது, தெருவே அப்படித்தான் இருந்தது. அவருக்கும் அதை மீறத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆகவே மிதியை நடையில் வைத்து, டின்னை அறைக்குள் முறத்தை ஒட்டி வைத்து, பெல்ட்டை நீளமாக்கி நிலைப்படிக்கு மேலே ஓடவிட்டார். வாசலில் தொங்கிய சேலைத் திரையின் அடியில் பெல்ட் வருவதும் போவதுமாக இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, டின் சூடாகத்தான் செய்தது. வெகுநேரம் மிதித்தபின் தொட்டால், வடித்து ஆறிய கஞ்சிப் பானை மாதிரி ஒரு வெதுவெதுப்பு. குழந்தையை ஒட்டி வைத்தோம். டின் பக்கத்துக் கை கொஞ்சம் சிவந்தது. மறுபக்கத்துக் கை நீலமாகவே இருந்தது. முறத்தைத் திருப்பி வைத்தால் அந்தக் கை சிவந்து இந்தக் கை நீலமாகும். அவர் மூச்சு வாங்க நிறுத்தினால் எல்லாம் ஆறிப்போகும். ஓட்டு இடுக்கு வழியாக வந்த குளிருக்கு முன் இந்த டின் எம்மாத்திரம்?

"ஏறுதா?" என்று திரைக்கு வெளியிலிருந்து கேட்பார்.

"ஏறுது" என்பேன். வேறு என்ன சொல்வது?

பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு மிதித்தார். திரை காற்றில் விலகும்போது பார்ப்பேன். அந்தக் குளிரில் சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தார். நெஞ்சு மயிரெல்லாம் வேர்வை, தோளிலிருந்து ஆவி பறந்தது. ஒருதரம் மட்டும், முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேனே என்று தன் அக்காவிடம், என் நாத்தனாரிடம், கெஞ்சினார். அவள் குழந்தையைத் தூக்கி நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்று காட்டினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, தலைமுடி தன்னை மாதிரியே சுருட்டை என்று சொல்லிவிட்டு, மறுபடி போய் மிதியில் உட்கார்ந்தார்.

ஒரு காலை வேளையில் பால் நனைத்த பஞ்சை உதட்டில் வைத்தபோது உதடு அசையவில்லை. நாத்தனார் தொட்டுப் பார்த்தாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு பெல்ட்டைக் கையால் பிடித்து நிறுத்தினாள். வெளியே மிதி நின்றது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

சின்னக் குழந்தையானால் அப்பன்தான் கையில் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். அதற்கு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். தீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வேர்வை காயாத உடம்போடு வந்து உட்கார்ந்தார். நாத்தனார் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் பிள்ளையைத் துணியோடு வாங்கவில்லை. துணியை விலக்கி வெறும் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். பிள்ளையைத் திருப்பிக் கேட்க யாருக்கும் மனசு வரவில்லை.

திடீரென்று தலை நிமிர்ந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"அக்கா, சூடா இருக்குது பாரு. உசிரு இருக்குதுக்கா."

நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் குனிந்து குழந்தையின் கன்னத்தில் கை வைத்தாள். பிறகு அதே கையை அவர் நெஞ்சில் வைத்தாள்.

"அது உன் சூடுடா" என்றாள்.