பின்சீட்டுச் சாட்சி

பதினாறு வருஷமாக வாடகைக் கார் ஓட்டுகிறவர் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. ஆனாலும் ஒரு நாளைக்கு நாலு பேரையாவது கொன்றுவிட்டதாக அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், சந்தேகம் வந்துவிடும். பள்ளம்தானா, இல்லை, மனுஷனா? வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. பாதி தூரம் வந்ததும், ஓரத்துச் சாக்கடையைப் பார்க்காமல் விட்டோமே என்று மறுபடி போவார். ரயிலைப் பிடிக்க ஏறினவர்கள் நடுவழியில் இறங்கி, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

கார் ஸ்டாண்டில் அவருக்கு ‘ரிவர்ஸ் கியர்’ என்று பேர். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்ததும் முன் பம்பரைத் தடவி, விரலில் ரத்தம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்.

மகளுக்குப் பதினாலு வயதானபோது அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடம் போகும்போது பின்சீட்டில் முழங்காலிட்டு, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். வண்டி குலுங்கினதும் சொல்வாள்.

“யாரும் இல்லப்பா.”

“நல்லா பாத்தியா?”

“பாத்தேன்.”

“இன்னொரு தடவ சொல்லு.”

அதன் பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். சின்னப் பெண்ணின் தலையில் இவ்வளவு பாரத்தை ஏற்றுகிறோமே என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் மூன்று வருஷமாகக் கேட்டார்.

மகளுக்குக் கல்லூரி நுழைவுத் தேர்வு வந்தது. ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் யார் வந்து அழுதாலும் திறக்க மாட்டார்கள்.

“அவ பஸ்ல போகட்டும்” என்றாள் மனைவி. “உங்களோட வந்து வெளிய நிக்கணுமா?”

“இன்னிக்கு ஒரு நாள் என்னை நம்பு. செத்தாலும் வண்டியைத் திருப்ப மாட்டேன்.”

மகள் புத்தகத்தோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

பாலத்தடியில் சக்கரம் ‘டொக்’கென்று இறங்கியது. கை தானாக ஸ்டியரிங்கை ஒடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நேராக்கினார். கண்ணாடியைப் பார்க்கவில்லை, பார்த்தால் திரும்பிவிடுவார். மகளிடமும் கேட்கவில்லை. அங்கே ஒருத்தன் உயிரோடு கிடக்கிறான், நீ ஓடிப்போகிறாய் என்று மண்டைக்குள் ஒரு குரல் கத்தியது. கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. துடைக்காமல் ஓட்டினார்.

தேர்வுக்கூட வாசலில் வண்டி நின்றபோது மணி எட்டு ஐம்பது. இப்படி யாரையும் கேட்காமல் ஒரு பள்ளத்தைக் கடந்து நேராக வந்து சேர்ந்து எத்தனை வருஷமாயிற்று! அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“இறங்கும்மா, நேரம் இருக்கு.”

அவள் இறங்கவில்லை. திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள்.

“அப்பா, பாலத்தடியில ஒண்ணு குலுங்குச்சே.”

“பள்ளம்மா.”

“நான் படிச்சிட்டிருந்தேன். திரும்பிப் பாக்கவே இல்ல. யாராவது இருந்திருந்தா?”

“நான் கண்ணாடியில பாத்தேன். யாரும் இல்ல” என்று பொய் சொன்னார்.

“நல்லா பாத்தியாப்பா?”

“பாத்தேன்மா. போ, மணியாகுது.”

காவலாளி கதவின் ஒரு பாதியை இழுத்துச் சாத்தினார். கடைசியாக வந்த பிள்ளைகள் மறுபாதி வழியே ஓடினார்கள். மகள் அசையாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவ சொல்லுப்பா.”